மழையில் ஓரங்கட்டிய டாக்சிகள்

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் மாலை மழை பிடித்துக்கொண்டால் டாக்சி கிடைப்பது குதிரைக்கொம்பு. தேக்கா நிலையத்து வாசலில் காய்கறிப் பைகளோடு நிற்பவர்களும், கடைவீடுகளின் ஐந்தடிப் பாதையில் ஒதுங்கியவர்களும் சாலையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான் என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள்: மழை வந்தால் அனைவருக்கும் டாக்சி வேண்டும், ஆகவே எல்லா வண்டியிலும் ஆள் இருக்கிறது.

2012இல் அந்த எண்ணம் பொய்த்துப்போனது. சிங்கப்பூர்-எம்ஐடி ஆய்வுக் கூட்டமைப்பில் பணியாற்றிய ஆலிவர் சென் என்ற ஆய்வாளர், இரண்டு மாத வானிலைத் துணைக்கோள் தகவலையும் டாக்சிகளின் 83 கோடி ஜிபிஎஸ் பதிவுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். மழைப்பொழுதில் பல டாக்சிகள் ஆளேற்றிச் செல்லவில்லை. நகரவே இல்லை. தகவலில்தான் ஏதோ கோளாறு என்று முதலில் அவர் நினைத்தார். பிறகு ஓட்டுநர்களிடமே போய்ப் பேசியபோது விஷயம் வெளிவந்தது. வண்டி விபத்தில் சிக்கினால், தவறு யாருடையது என்று முடிவாகும்வரை நிறுவனம் ஓட்டுநரின் கணக்கிலிருந்து 1,000 வெள்ளியைப் பிடித்துவைத்துவிடும். முடிவு தெரிய மாதக்கணக்கில் ஆகலாம். ஈரச் சாலையில் எதற்கு வம்பு என்று அவர்கள் ஓரங்கட்டி நின்றுவிட்டார்கள்.

சவாரி குவிகிற நேரமே மழை நேரம்தான். ஒரு மணி நேர மழைக்குள் விபத்து நேர்வதற்கான வாய்ப்போ மிகச் சிறியது. ஆனால் மனம் அப்படித் தராசு பிடிப்பதில்லை. டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் வெளியிட்ட கட்டுரை இதைத்தான் முறைப்படுத்திச் சொன்னது. கைக்கு வரும் நூறு வெள்ளி தரும் மகிழ்ச்சியைவிட, கையைவிட்டுப் போகும் நூறு வெள்ளி தரும் வலி பெரிது. எவ்வளவு பெரிது என்று பின்னர் அவர்களே அளந்தபோது ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று தெரிந்தது. உளவியலாளரான கானமனுக்கு 2002இல் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்ததற்கு இந்த ஆய்வு முக்கியக் காரணம். வாடகை வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கு 1,000 வெள்ளி என்பது ஒரு எண்ணிக்கை மட்டுமாக இருக்காது. அது வீட்டுத் தவணையாகவோ பிள்ளையின் துணைப்பாட வகுப்புக் கட்டணமாகவோ இருக்கும்.

ஓட்டுநர்களைப் பற்றி இன்னொரு விளக்கமும் உண்டு. இன்றைக்கு இவ்வளவு சம்பாதித்தால் போதும் என்று மனத்தில் ஓர் இலக்கு வைத்துக்கொள்கிறார்கள். நல்ல வருமானம் வரும் நாளில் அது சீக்கிரம் நிறைவேறிவிடுவதால் சீக்கிரமே வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள் என்று நியூயார்க் ஓட்டுநர்களை வைத்து 1997இல் ஓர் ஆய்வு வந்தது. சிங்கப்பூர் ஓட்டுநர்களைப் பற்றி 2002இல் யுவான் சௌ எழுதிய கட்டுரையும் அதையொட்டியே பேசியது. ஹென்றி ஃபார்பர் என்ற பொருளியலாளர் இன்னும் பெரிய தகவல் தொகுப்பை வைத்துக்கொண்டு நியூயார்க் முடிவை மறுத்தார். அந்த விவாதம் ஓயவில்லை. 1,000 வெள்ளி விஷயத்தில் அப்படிப்பட்ட குழப்பம் இல்லை. ஓட்டுநர்களே சொன்ன காரணம் அது.

மழையில் நனையும் பயணி, நின்றுகொண்டிருக்கும் டாக்சியைப் பார்த்து 'சோம்பேறி' என்று நினைத்திருப்பார். ஓட்டுநரின் குணத்தில் அவர் தேடிய காரணம் ஓர் ஒப்பந்த விதியில் இருந்தது. அரை நூற்றாண்டு உளவியல் ஆய்வு அன்றாட முடிவுகளைப் பற்றிச் சொல்லியிருப்பதில் இதைவிட முக்கியமானது வேறில்லை. ஒருவர் முடிவெடுக்கும் இடத்தை யார், எப்படி அமைத்து வைத்திருக்கிறார்கள் என்று பார்க்காமல் அவரைச் சோம்பேறி, பேராசைக்காரர், புத்தியில்லாதவர் என்று சொல்லிவிடுவது அநியாயம். இதைக் கண்ணெதிரே காட்டுவதற்குச் சிங்கப்பூரைப் போன்ற ஊர் குறைவு. இங்கே சிறு சிறு முடிவுகள்கூடத் திட்டமிட்டு அமைக்கப்பட்டவை.

பிளாஸ்டிக் பையை எடுத்துக்கொள்ளலாம். 2023 ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகள் பை ஒன்றுக்குக் குறைந்தது 5 காசு வசூலிக்கவேண்டும் என்பது சட்டம். 5 காசுக்கு இந்த ஊரில் ஒரு மிட்டாய்கூட வராது. ஆனாலும் சட்டம் வந்த பிறகு வீட்டிலிருந்து பையோடு கிளம்புபவர்கள் பெருகிவிட்டார்கள். இதற்குப் பல ஆண்டு முன்பே ஃபேர்பிரைஸ் கடைகளில் சொந்தப் பை கொண்டுவந்தால் 10 காசு தள்ளுபடி என்ற ஏற்பாடு இருந்தது. கட்டணத்தைப் போல் இரு மடங்கு. ஆனால் அதற்காகப் பையைத் தேடி எடுத்தவர்கள் சிலரே. அமெரிக்காவில் வாஷிங்டனைச் சுற்றியுள்ள கடைகளில் டாட்டியானா ஹோமனாஃப் செய்த ஆய்வில் இது துல்லியமாகத் தெரிந்தது. 5 சென்ட் வரி போட்டபோது பை வாங்குபவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். 5 சென்ட் பரிசு கொடுத்தபோது ஏறக்குறைய ஒரு மாற்றமும் இல்லை. தொகை ஒன்றுதான். ஒன்று இழப்பாகத் தெரிந்தது, மற்றது வரவாகத் தெரிந்தது.

அந்தச் சட்டம் தேக்கா ஈரச்சந்தைக் கடைகளைத் தொடுவதில்லை. பேரங்காடிக்குத் துணிப்பையோடு போகும் அதே அம்மா, தேக்காவில் மீன்காரர் பைக்குள் பையாக இரண்டு போட்டுத் தருவதை வாங்கிக்கொள்கிறார். கீரைக்கு ஒன்று, தேங்காய்த் துருவலுக்கு ஒன்று என்று வீடு சேரும்போது கையில் ஏழெட்டுப் பை. அவருக்குச் சுற்றுச்சூழல் அக்கறை காலையில் இருந்து மதியத்தில் இல்லாமற்போனதாகச் சொல்ல முடியாது.

உணவங்காடி நிலையத்துத் தட்டுகளின் கதை வேறு மாதிரி. சாப்பிட்ட தட்டைத் திரும்ப வையுங்கள் என்று ஆண்டுக்கணக்கில் சுவரொட்டி ஒட்டிப் பார்த்தார்கள். துப்புரவு செய்யும் முதியவர்களின் வேலை போய்விடும் என்று நல்லெண்ணத்தோடே மறுத்தவர்களும் இருந்தார்கள். 2021 செப்டம்பர் 1 முதல் அது கட்டாயமானது. முதலில் அறிவுரை, பிறகு எச்சரிக்கை, அதன்பிறகே அபராதம். அபராதப் பயம் கொஞ்சம் வேலை செய்தது உண்மை. அதைவிட அதிகம் வேலை செய்தது பக்கத்து மேசை. பத்துப் பேரில் எட்டுப் பேர் தட்டோடு எழுந்து நடக்கும் இடத்தில் ஒன்பதாமவர் அப்படியே விட்டுவிட்டுப் போகக் கூசுகிறார். இதே மேசையில்தான் ஒரு டிஷ்யூ பொட்டலத்தை வைத்துவிட்டு உணவு வாங்கப் போகிறார்கள். அதை யாரும் எடுத்து எறிவதில்லை. எந்தச் சட்டமும் அந்தப் பொட்டலத்தைக் காப்பதில்லை. தமிழ்நாட்டுப் பேருந்தில் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடித்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

அமைப்பு எவ்வளவு ஆழமாக வேலை செய்கிறது என்பதைப் பார்க்கக் காப்பிக்கடைக்குப் போகவேண்டும். வெறுமனே 'தே' என்று கேட்டால் கெட்டிப்பாலும் சீனியும் சேர்ந்து வரும். பால் வேண்டாம் என்றால் 'தே ஓ'. சீனி குறைவாக வேண்டுமானால் 'சியூ தாய்' என்று சேர்த்துச் சொல்லவேண்டும். சீனியே வேண்டாம் என்றால் 'கோசோங்'. அதாவது இனிப்பு கேட்காமலே வருகிறது, இனிப்பில்லாததைத்தான் வாயைத் திறந்து கேட்கவேண்டும். பின்னால் வரிசை நிற்கும்போது, கடைக்காரர் அவசரப்படும்போது, அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர். நீரிழிவு இந்தியர்களிடமும் மலாய்க்காரர்களிடமும் கூடுதலாக இருக்கும் நாட்டில் இது சின்ன விஷயமே கிடையாது.

சுகாதார அமைச்சு 2022 டிசம்பர் 30 முதல் அடைத்து விற்கும் பானங்களுக்கு 'நியூட்ரி-கிரேட்' தரவரிசையைக் கொண்டுவந்தது. சீனியும் நிறைவுற்ற கொழுப்பும் கூடிய பானம் 'சி' அல்லது 'டி' என்ற எழுத்தைத் தன் முகத்தில் சுமக்கவேண்டும். 'டி' வாங்கிய பானத்துக்கு விளம்பரம் செய்யவும் முடியாது. ஓராண்டு கழித்துக் கடையில் கலந்து கொடுக்கும் பானங்களுக்கும் விதி நீண்டது. வாங்குபவர் எழுத்தைப் படித்து மனம் மாறுவார் என்பது ஒரு எதிர்பார்ப்பு. அதைவிடப் பெரிய விளைவு தொழிற்சாலையில் நடந்தது. 'டி' எழுத்துக்கு அஞ்சிய நிறுவனங்கள் செய்முறையையே மாற்றின. அடைத்து விற்கும் பானங்களின் இடைநிலைச் சீனி அளவு 2017இல் 7.1 விழுக்காடாக இருந்தது, 2023இல் 4.6 விழுக்காட்டுக்கு இறங்கியது. பானத்தைக் குடிப்பவர் எந்தச் சபதமும் எடுக்கவில்லை. அவருக்குத் தெரியாமலே அவருடைய சீனி குறைந்தது. நோயாளியை 'வாயைக் கட்டத் தெரியாதவர்' என்று குறைசொல்லும் குடும்பங்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கவேண்டும்.

கேட்காமலே வருவது எது, கேட்டால்தான் வருவது எது என்ற இந்த ஏற்பாடு உயிர் விஷயத்திலும் இருக்கிறது. 1987இல் இயற்றப்பட்ட மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தின்படி, வேண்டாம் என்று எழுதித் தராத குடிமக்களும் நிரந்தரவாசிகளும் இறந்தபின் உறுப்பு தரச் சம்மதித்தவர்கள் ஆகிறார்கள். முதலில் சிறுநீரகம் மட்டும். 2004இல் கல்லீரல், இதயம், விழிவெண்படலம் சேர்ந்தன. 2008இல் முஸ்லிம்களும் சட்டத்துக்குள் வந்தார்கள். எழுதித் தந்து விலகுபவர்கள் மிகச் சிலரே. எரிக் ஜான்சனும் டேனியல் கோல்ட்ஸ்டீனும் 2003இல் ஐரோப்பிய நாடுகளை ஒப்பிட்டார்கள். எழுதிக் கொடுத்துச் சேரவேண்டிய ஜெர்மனியில் 12 விழுக்காட்டினர்தான் சம்மதம் தந்திருந்தார்கள். எழுதிக் கொடுத்து விலகவேண்டிய ஆஸ்திரியாவிலோ கிட்டத்தட்ட எல்லாருமே சம்மதித்தவர்கள். எல்லைக்கோட்டைத் தாண்டியதும் மனிதர்கள் தியாகிகளாகிவிடுவதில்லை. படிவம் மாறுகிறது.

இதனால் பலர் உயிர் பிழைத்திருக்கிறார்கள். அந்தச் சட்டம் சரியானதே. ஆனால் படிவத்தை நிரப்பாமல் விட்டதை மனமாரச் சம்மதித்ததாக எடுத்துக்கொள்ள முடியாது. 2007இல் மூளைச்சாவு அடைந்த ஒருவரின் குடும்பம், இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்று மருத்துவர்களிடம் மன்றாடியது செய்தியாக வந்து ஊரே கலங்கியது. சட்டத்தின் சம்மதம் இருந்தது, வீட்டாரின் மனமோ இன்னும் தயாராகவில்லை. அமைப்பு ஒருவருக்காக முடிவெடுக்கும்போது, அவருக்குப் புரியும் மொழியில் முன்கூட்டியே சொல்லவேண்டிய கடமையும் சேர்ந்தே வருகிறது.

மனம் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளும் விதத்தை நெருங்கிப் பார்க்க, புதன், சனி, ஞாயிறு மாலைகளில் சிங்கப்பூர் பூல்ஸ் கடை வாசலில் நிற்கும் வரிசையைப் பார்த்தால் போதும். 1968இல் தொடங்கிய அரசு சார்ந்த நிறுவனம் அது. உபரிப் பணம் சமூக நலனுக்குப் போகிறது. அங்கே விற்கும் 'ஃபோர் டி' என்பது 0000 முதல் 9999 வரையிலான பத்தாயிரம் எண்களில் ஒன்றைச் சொல்லிப் பணம் கட்டும் விளையாட்டு. ஒவ்வொரு குலுக்கலிலும் 23 எண்களுக்குப் பரிசு. 'பிக்' வகையில் ஒரு வெள்ளி கட்டினால் முதல் பரிசு 2,000 வெள்ளி, இரண்டாவது 1,000, மூன்றாவது 490. பத்து எண்களுக்கு 250 வெள்ளி, இன்னும் பத்து எண்களுக்கு 60 வெள்ளி. கூட்டினால் 6,590. பத்தாயிரம் எண்களுக்கும் ஒவ்வொரு வெள்ளி கட்டியவருக்குத் திரும்பி வருவது அவ்வளவுதான். ஒரு வெள்ளிக்குச் சராசரி 66 காசுகூட இல்லை. முதல் மூன்று இடங்களுக்கு மட்டும் பரிசு தரும் 'ஸ்மால்' வகையில் 58 காசு.

இந்தக் கணக்கு வரிசையில் நிற்பவர்களில் பலருக்குத் தெரியும். தெரிந்தும் நிற்கிறார்கள், ஏனென்றால் அவர்கள் வாங்குவது ஏதோ ஒரு எண்ணை அல்ல. பேரன் பிறந்த தேதி, இறந்துபோன அப்பாவின் அடையாள அட்டைக் கடைசி இலக்கங்கள், குடிபோன புது வீட்டின் புளோக் எண், கனவில் கண்டது, எங்கோ மோதி நிற்கும் காரின் பலகையில் பார்த்தது. ஓர் எண் பலருக்கு ஒரே நேரத்தில் பிடித்துப்போனால் அது 'விற்றுத் தீர்ந்தது' என்று கடையில் சொல்லிவிடுவார்கள். தீர்ந்துபோன செய்தியே அந்த எண்ணுக்கு இன்னும் மகிமை சேர்க்கிறது. எல்லன் லாங்கர் 1975இல் வெளியிட்ட சோதனையில், அலுவலக ஊழியர்களுக்கு ஒரு டாலர் குலுக்கல் சீட்டு விற்கப்பட்டது. சிலருக்குச் சீட்டைத் தாங்களே பொறுக்கிக்கொள்ள அனுமதி, மற்றவர்களுக்குக் கையில் திணிக்கப்பட்டது. பிறகு, சீட்டைத் திருப்பித் தர என்ன விலை வேண்டும் என்று கேட்டார்கள். திணிக்கப்பட்டவர்கள் சராசரியாக 1.96 டாலர் கேட்டார்கள். தாங்களே பொறுக்கியவர்கள் கேட்டது 8.67 டாலர். தன் கை பட்டதும் தற்செயல் தன் திறமையாகத் தோன்றிவிடுகிறது.

அடுத்து வருவது 'ஒரு நம்பர்ல போச்சே'. 4382 வாங்கியவருக்கு 4383 வந்துவிட்டால் அவர் தோற்றதாக உணர்வதில்லை, நெருங்கிவிட்டதாக உணர்கிறார். குலுக்கும் இயந்திரத்துக்கு 4382க்கும் 4383க்கும் உறவில்லை. கேம்பிரிட்ஜில் லூக் கிளார்க் குழுவினர் 2009இல் மூளைப் படங்களை வைத்துக் காட்டியது இதையே: நூலிழையில் தவறும்போது, வெற்றியின்போது விழித்துக்கொள்ளும் மூளைப் பகுதிகளில் சிலவும் விழித்துக்கொள்கின்றன. இதில் விழுவதற்குப் படிப்பறிவு குறைவாக இருக்கவேண்டும் என்ற தேவையில்லை. மூளை உள்ள எல்லாருக்கும் இது பொது.

சூதாட்டக் கூட விஷயத்தில் சிங்கப்பூர் இந்தப் பலவீனத்தை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. 2010இல் திறந்த இரண்டு கூடங்களுக்குள் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் நுழைய நாளொன்றுக்கு 100 வெள்ளி கட்டவேண்டியிருந்தது. 2019இல் அது 150 ஆனது. என்னை உள்ளே விடாதீர்கள் என்று ஒருவர் தாமே எழுதித் தரலாம். குடும்பத்தாரும் மனுச் செய்யலாம். நிதானமாக இருக்கும் காலை நேரத்து மனிதர், தடுமாறப்போகும் இரவு நேரத்துத் தன்னையே கட்டிப்போடுகிறார். இதைவிட மரியாதையான உதவி அரிது. 2022 ஜனவரியில் வங்கிகளுக்கு விதிக்கப்பட்ட ஏற்பாடும் இந்த வகைதான். பெரிய வங்கி ஒன்றின் பெயரில் வந்த போலிக் குறுஞ்செய்திகளால் நூற்றுக்கணக்கானோர் 1 கோடியே 37 லட்சம் வெள்ளி இழந்த பிறகு, புதிய கைப்பேசியில் மின்னிலக்க அடையாளக் கருவி இயங்கத் தொடங்குவதற்குக் குறைந்தது 12 மணி நேரம் காத்திருக்கவேண்டும் என்றாக்கினார்கள். மோசடிக்காரரின் முதல் ஆயுதம் அவசரம். அதை அந்த 12 மணி நேரம் பிடுங்கிக்கொள்கிறது. மோசடிகள் நின்றுவிடவில்லை, 2024இல் மக்கள் இழந்தது 110 கோடி வெள்ளி என்று காவல்துறை சொன்னது. 2025 ஜூலையில் நடப்புக்கு வந்த சட்டத்தின்படி, ஏமாற்றப்படுவதை நம்ப மறுப்பவரின் வங்கிப் பரிவர்த்தனையைக் காவல்துறையே 30 நாள் வரை நிறுத்திவைக்கலாம்.

எதையும் இப்படி அமைத்து நடத்திவிடலாம் என்ற முடிவுக்கு வருபவர்கள் 1972ஐ நினைத்துப் பார்க்கவேண்டும். 'இரண்டோடு நிறுத்துவோம்' என்ற இயக்கம் அந்த ஆண்டு தொடங்கியது. மூன்றாவது, நான்காவது பிள்ளைக்குப் பேறுகாலக் கட்டணம் கூடியது, பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை குறைந்தது. பிறப்பு விகிதம் எதிர்பார்த்ததைவிட வேகமாகச் சரிந்தது. 1987இல் வசதி இருந்தால் மூன்றோ அதற்கு மேலோ பெறுங்கள் என்று அரசு திரும்பியது; 2001இல் குழந்தைக்கு ரொக்க அன்பளிப்பும் வந்தது. 2023இல் கருவள விகிதம் 0.97. பையையும் தட்டையும் நகர்த்திய விரல் இதை நகர்த்தவில்லை. வீட்டு விலை, வேலை நேரம், பிள்ளை வளர்ப்பின் பதற்றம் எல்லாம் சேர்ந்து எடுக்க வைக்கும் முடிவை ஒரு காசோலை மாற்றாது.

முடிவெடுத்தலைப் பற்றிய இந்த ஆய்வுகளுக்குள் தமிழர்கள் மிகவும் கவனிக்கவேண்டியது ஒன்று இருக்கிறது. அதன் முதல் பாதி விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் நடந்தது. தமிழ்நாட்டுச் சிற்றூரில் பிறந்து சிறுவயதில் அமெரிக்கா போன செந்தில் முல்லைநாதன், ஆனந்தி மணி, எல்டார் ஷஃபிர், ஜியாயிங் ஜாவ் ஆகியோர் 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்பும் பின்பும் சந்தித்தார்கள். கரும்புக்காரருக்குப் பணம் ஆண்டுக்கு ஒருமுறைதான் மொத்தமாக வரும். அதற்கு முந்தைய மாதங்களில் நகை அடகுக்கடைக்குப் போகும், கைமாற்று ஏறும். அந்த நெருக்கடி மாதங்களில் கொடுத்த அறிவுத்திறன் சோதனைகளில், அதே மனிதர்கள் அறுவடைக்குப் பின் எடுத்ததைவிடக் குறைவான மதிப்பெண் எடுத்தார்கள். ஆள் மாறவில்லை, படிப்பு மாறவில்லை. தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த கடன் கணக்கு, வேறெதற்கும் இடம் விடவில்லை. 2013இல் 'சயன்ஸ்' இதழில் இது வெளிவந்தது.

அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் ஏழைகளைச் சோதித்த இன்னோர் ஆய்வில் இத்தகைய வேறுபாடு தெரியவில்லை. ஆகவே கேள்வி எஞ்சி நின்றது: பணமில்லாமையா, கடனா, கடனில் எது? இதற்குப் பதில் சிங்கப்பூரிலிருந்து வந்தது. ஒங் சியான், வால்டர் தெசெய்ரா, ஐரின் இங் ஆகியோர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், நாள்பட்ட கடனில் இருந்த 196 குறைந்த வருமானக்காரர்கள் பங்கேற்றார்கள். ஓர் அறநிறுவனம் அவர்களுக்காக 5,000 வெள்ளி வரையிலான கடனை அடைத்தது. சில மாதம் கழித்துப் பார்த்தபோது அவர்களது பதற்றம் குறைந்திருந்தது, கவனம் கூடியிருந்தது, முடிவுகளில் பொறுமை தெரிந்தது. இதில் வியப்பானது என்னவென்றால், அடைக்கப்பட்ட தொகை ஒன்றாக இருந்தும் பலன் ஒன்றாக இல்லை. எத்தனை கடன் கணக்குகள் முழுதாக மூடப்பட்டன என்பதைப் பொறுத்தே பலன் கூடியது. மின்சாரப் பாக்கி, வாடகைப் பாக்கி, தொலைபேசிப் பாக்கி என்று தனித்தனியே கிடக்கும் ஒவ்வொன்றும் தலைக்குள் தனித்தனியே கதவைத் தட்டிக்கொண்டிருந்தது.

ஏழை தப்பான முடிவெடுத்ததால் கடனாளியானான் என்று சொல்வது வழக்கம். கடன் இருப்பதாலேயே முடிவுகள் தப்பிப்போகின்றன என்பதற்கு இங்கே ஆதாரம் இருக்கிறது. இது பரிதாபத்துக்காகச் சொல்லும் வாதமன்று. உதவியை எந்த வடிவில் தருவது என்பதையே மாற்றவேண்டிய செய்தி. ஐந்து பாக்கிகளில் கொஞ்சம் கொஞ்சம் குறைப்பதைவிட, சின்னதாக இருக்கும் மூன்றை முழுதாக மூடிவிடுவது அந்தக் குடும்பத்துக்கு யோசிக்க இடம் தரும்.

ஞாயிற்றுக்கிழமை மாலை லிட்டில் இந்தியாவில் கூடும் தமிழகத் தொழிலாளர்களுக்கு இதைப் பொருத்திப் பார்க்கவேண்டும். 'ஸ்கில் டெஸ்ட்' எனும் தொழில்திறன் தேர்வில் தேறி, முகவருக்குக் கட்டி, விமானம் ஏறியவர்களில் பலர் ஊரில் வட்டிக்கு வாங்கியவர்கள். அக்காளின் நகையோ அப்பாவின் நிலமோ அடகில் இருக்கிறது. சிங்கப்பூர் முகவர் வாங்கும் கட்டணத்துக்கு இரண்டு மாதச் சம்பளம் என்று உச்சவரம்பு உண்டு. கடல் கடந்து ஊரில் கட்டிய தொகைக்கு அந்த வரம்பு எட்டுவதில்லை. இங்கே உரிமம் பெற்ற கடன் நிறுவனங்களில், ஆண்டு வருமானம் 10,000 வெள்ளிக்குக் குறைவான வெளிநாட்டவர் மொத்தமாக 500 வெள்ளிக்கு மேல் வாங்க முடியாது என்பது நல்ல தடுப்பு. அதற்கு முன்பே தலையில் ஏறிவிட்ட கணக்குகளை அது தொடாது. காயம்பட்டால் சொல்லலாமா, சம்பளம் குறைந்தால் கேட்கலாமா என்ற ஒவ்வொரு முடிவையும் அந்தக் கடன் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. வலியோடு வேலைக்குப் போகிறவரை 'விவரம் தெரியாதவர்' என்பவர்கள், மழையில் நின்ற டாக்சிக்காரரைத் திட்டிய தவற்றையே மறுபடி செய்கிறார்கள்.

டிரான்சியன்ட் வொர்க்கர்ஸ் கவுன்ட் டூ என்ற தொண்டு அமைப்பு 2008 முதல் கஃப் சாலைத் திட்டம் என்ற பெயரில், வேலையின்றி வழக்கு முடியக் காத்திருக்கும் தொழிலாளர்களுக்கு லிட்டில் இந்தியாவில் இலவச உணவு வழங்கிவருகிறது. அன்றைய சாப்பாடு என்ன என்ற கவலை நீங்கினால், மருத்துவ அறிக்கையைப் படிக்கவும் மனிதவள அமைச்சுக்கு என்ன சொல்வது என்று யோசிக்கவும் ஒருவருக்கு இடம் கிடைக்கிறது. விழுப்புரத்து ஆய்வோடு சேர்த்துப் பார்த்தால் அந்த ஒரு தட்டுச் சோற்றின் வேலை பசியாற்றுவதோடு முடிவதில்லை.

இனிச் செய்யவேண்டியதைத் தொடங்கவேண்டிய இடம் தமிழ்நாடு. வேலை தேடுபவரிடம் தனியார் முகவர்கள் கட்டணம் வாங்கக் கூடாது என்பது பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டு உடன்படிக்கை வகுத்த நெறி. அந்தச் செலவு முதலாளியுடையது. அந்த நெறி நடைமுறைக்கு வரும்வரை இடைவழி ஒன்று வேண்டும். இன்றைக்குத் தொழிலாளிக்கு அவரது மொழியில் சம்பள விவரத்தோடு முதற்கட்ட ஒப்புதல் கடிதம் (ஐபிஏ) வருகிறது. 'ஐபிஏ வந்துவிட்டது' என்று அவர் மகிழும்போது, பலருக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. இன்றே கட்டாவிட்டால் இடம் போய்விடும் என்று முகவர் சொன்னதும் வட்டிக்காரரிடம் ஓடியதும் அதற்கு முன்பே முடிந்திருக்கும். வங்கிக் கணக்கைக் காக்க 12 மணி நேரக் காத்திருப்பை ஏற்படுத்த முடிந்தது போல, முகவருக்குப் பணம் கைமாறுவதற்கு முன் ஏழு நாள் காத்திருப்பைத் தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறையும் சிங்கப்பூர் மனிதவள அமைச்சும் பேசி ஏற்படுத்தலாம். அந்த ஏழு நாளுக்குள் மாதச் சம்பளம், அதில் பிடித்தம், வாங்கப்போகும் கடன் அடைய ஆகும் மாதங்கள் ஆகிய மூன்றையும் ஒரே தாளில் தமிழில் எழுதி, தொழிலாளி கையிலும் அவர் வீட்டார் கையிலும் கொடுக்கவேண்டும்.